திறனாய்வு நூல்களின் மறுபதிப்பும் பொருளடைவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மதிப்புரைப் பக்கங்களில் தமிழ் இலக்கிய ஆராய்ச்சி நூல்களின் மறுபதிப்புகளுக்கும் இடம் கிடைத்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அம்மதிப்புரைகள் நூலாசிரியரின் புலமையைப் போற்றுவதோடு நின்றுவிடுகின்றன. மதிப்புரைக்கு வந்திருக்கும் பதிப்பு எத்தகையது, அதை நம்பி ஒருவர் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இன்றும் ஆய்வு மாணவர்கள் சிலரின் எழுத்துகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருபவன் என்ற முறையில், இதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சங்க நூல்களைப் பதிப்பித்தும் அவற்றின் காலத்தை ஆராய்ந்தும் எழுதிய எஸ். வையாபுரிப்பிள்ளையின் கட்டுரைகள் அடங்கிய மறுபதிப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். நல்ல தாள், அழகான அட்டை. ஆனால் பதிப்பு விவரப் பக்கத்தில் அந்தப் பதிப்பகம் நூலை அச்சிட்ட ஆண்டே ‘முதற்பதிப்பு’ என்று போடப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டுரை எந்த இதழில் எப்போது வந்தது என்பதற்கு எங்கும் குறிப்பில்லை. அடிக்குறிப்புகளில் சில விடுபட்டுள்ளன. வேறு சில, குறியெண் ஏதுமின்றி உரைநடைக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால், மேற்கோள் எது, ஆசிரியரின் வாக்கியம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. இது ஒரே ஒரு பதிப்பகத்தின் குறை என்று சொல்லவில்லை. பல மறுபதிப்புகளில் இதையே காண்கிறேன்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். இத்தகைய பதிப்பொன்றைப் பயன்படுத்திய மாணவர் ஒருவர், சேர மன்னர்களின் காலத்தைக் கணிக்கும்போது புகளூர்க் கல்வெட்டுகளை வையாபுரிப்பிள்ளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார் என்று தம் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். வையாபுரிப்பிள்ளை மறைந்தது 1956இல். கரூருக்கு அருகிலுள்ள ஆறுநாட்டார் மலையின் அக்கல்வெட்டுகளில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் இருப்பதை கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்து வெளிப்படுத்தியது 1960களின் நடுப்பகுதியில்தான். சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளுக்குரிய மன்னர்களோடு அவர்களை இணைத்துப் பார்க்கும் வழி அதன் பிறகே திறந்தது. சங்க காலத் தகடூர்த் தலைவனான அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த ஜம்பைக் கல்வெட்டு கிடைத்ததோ 1981இல். கிடைக்காத சான்றை ஒருவர் எப்படி ஒதுக்க முடியும்? வையாபுரிப்பிள்ளையின் காலக் கணிப்புகளை மறுக்க வலுவான காரணங்கள் உண்டு; மறுக்கவும் வேண்டும். ஆனால் அவர் எதை அறிந்திருந்தார், எதை அறிந்திருக்க வழியே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு மறுப்பதே முறை. அதற்கு வேண்டியது கட்டுரையின் கீழே ஓர் ஆண்டுக் குறிப்பு. அது இல்லாமற்போனதால் ஓர் இளம் ஆய்வாளர் ஒரு பேரறிஞர் மீது வீண்பழி சுமத்த நேர்ந்தது. மாணவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

சமகால இலக்கியத்தைப் பற்றிய திறனாய்வில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்தது. அத்தகைய நூலில் ‘இன்றைய நாவல்’ என்று ஆசிரியர் எழுதும்போது அந்த ‘இன்று’ எது என்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆண்டைக் காட்டாத பதிப்பைப் படிக்கும் இளைஞர், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த நாவல்களை அவர் ஏன் பேசவில்லை என்று வியப்பார்.

படைப்பாளிகளைப் பொறுத்தவரை நம் பதிப்புலகம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. பாரதியின் எழுத்துகளைச் சீனி. விசுவநாதன் கால வரிசைப்படுத்திப் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தார். புதுமைப்பித்தனின் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் கால வரிசையில், பாட வேறுபாடுகளோடு பதிப்பித்தார். கவிதைக்கும் கதைக்கும் கிடைத்த இந்தக் கவனம், அவற்றை ஆராய்ந்தவர்களின் எழுத்துக்கு ஏன் கிடைக்கவில்லை? ஆராய்ச்சி உரைநடை என்றால் கருத்து வந்து சேர்ந்தால் போதும், மற்றவை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்ற நினைப்பே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஆராய்ச்சி உரைநடைக்குத்தான் ஆண்டும் அடிக்குறிப்பும் உயிர்நாடி.

நூலில் வரும் பெயர்களும் பொருள்களும் எந்தெந்தப் பக்கங்களில் உள்ளன என்று காட்டும் பட்டியலான பொருளடைவு இல்லாத குறை இதனினும் பெரியது. முந்நூறு பக்க ஆராய்ச்சி நூல் ஒன்றில் பாணர் பற்றி ஆசிரியர் எங்கெங்கே பேசுகிறார் என்று அறிய, முழு நூலையும் மறுபடி புரட்ட வேண்டியிருக்கிறது. இணையத்தில் தேடிக்கொள்ளலாமே என்பார்கள். பழைய நூல்களை இணையத்தில் ஏற்றித் தமிழ் இணையக் கல்விக்கழகமும் நூலகம் அறக்கட்டளையும் செய்திருக்கும் பணிக்கு நாம் எல்லாரும் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே கிடைப்பதால் அவற்றுக்குள் சொல் தேட இயலாது. தேட முடிந்த நூலிலும் ‘அஞ்சி’ என்று தேடிப் பாருங்கள்: நெடுமான் அஞ்சியோடு, பகைவருக்கு அஞ்சி ஓடியவர்களும் பழிக்கு அஞ்சி உயிர்விட்டவர்களும் வரிசையாக வந்து நிற்பார்கள். அதே வேளையில், ‘மழவர் பெருமகன்’ என்றோ ‘தகடூர்த் தலைவன்’ என்றோ மட்டும் அவனைச் சுட்டிய பக்கங்கள் அகப்படாமலே போகும். இவையெல்லாம் ஒருவனையே குறிப்பன என்றறிந்து ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்ப்பவர் பொருளடைவு தயாரிக்கும் மனிதர்தான்.

இது நமக்குப் புதிய கலையும் அன்று. உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளை எடுத்துப் பாருங்கள்: பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத முதலியவற்றின் அகராதி என்று வாசகருக்குப் பயன்படும் எதையும் அவர் விடவில்லை. வையாபுரிப்பிள்ளையே 1940இல் சங்க இலக்கியம் முழுவதையும் புலவர் வரிசையில் அமைத்துப் பதிப்பித்தவர். வ. அய். சுப்பிரமணியம் 1962இல் திருவனந்தபுரத்திலிருந்து புறநானூற்றுக்குச் சொல்லடைவு கொண்டுவந்தார். பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கெல்லாம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளில் அடைவு வெளியிட்டது. மூலநூல்களுக்கு இத்தனை உழைத்த மரபில், அம்மூலங்களைப் பற்றிய நூல்கள் மட்டும் அடைவின்றி வரலாமா?

பதிப்பகத்தாரின் இடர்ப்பாட்டையும் அறிவேன். ஆராய்ச்சி நூல்கள் நாவல்களைப் போல் விற்பதில்லை. கூடுதலாகப் பத்துப் பக்கம் என்றாலும் செலவுதான். ஆனால் பொருளடைவு தயாரிக்கும் பயிற்சியைத் தமிழ்த் துறைகள் முதுகலை மாணவர்களுக்குத் திட்டக் கட்டுரையாகவே கொடுக்கலாம். முன்பெல்லாம் சொல்லடைவு தயாரித்தே ஆய்வுப் பட்டம் பெற்றவர்கள் உண்டு. மாணவருக்கு நூலை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் வரும். பதிப்பகத்துக்கு அடைவும் கிடைக்கும்.

வையாபுரிப்பிள்ளை, மயிலை சீனி. வேங்கடசாமி போன்றோரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருப்பதால், அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை இருக்கிறது. நூல்கள் பரவ அது நல்ல வழியே. நாட்டுடைமை நூல்களின் மறுபதிப்புகளை நூலகங்களுக்கு வாங்கும்போதாவது, முதற்பதிப்பின் ஆண்டும் கட்டுரைகள் முதலில் வெளிவந்த இடமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், மூலத்தின் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் விடுபடாதிருக்க வேண்டும் என்று நூலகத் துறை நிபந்தனை விதிக்கலாம்.

தங்களிடம் கேட்டுக்கொள்வது சிறிய ஒன்று. மதிப்புரைக்கு மேலே நூலின் பெயர், ஆசிரியர், பக்கங்கள், விலை ஆகியவற்றைத் தாங்கள் கட்டமிட்டு வெளியிடுகிறீர்கள். ஆராய்ச்சி நூலாயின் அந்தக் கட்டத்திலேயே முதற்பதிப்பின் ஆண்டு, பொருளடைவு உண்டா இல்லையா, அடிக்குறிப்புகள் முழுமையாக உள்ளனவா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.