அப்புனுவுக்கு, கோபியிலிருந்து

அப்புனு,

போன வாரம் வீடியோ காலில் முகத்தை ஒரு பக்கமாகவே திருப்பி வைத்திருந்தாய். தாடையோரம் முழுக்கப் பரு. பெத்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

இங்கே ஒரு தோல் டாக்டரிடம் கேட்டேன். உடம்பும் ஆணாக ஆகட்டும் என்று நீ போட்டுக்கொள்கிற ஆண் ஹார்மோன், அந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும். முதல் வருஷம் முகத்திலும் முதுகிலும் பரு வருவது வழக்கம், பலருக்கு அப்புறம் குறைந்துவிடும் என்றார். பருவுக்குப் பயந்து நீயாக ஊசியை நிறுத்தாதே. அம்மிச்சி காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் கொடுத்துவிடச் சொல்கிறார். தலைக்கு மட்டும் வை. முகத்தில் தடவினால் பரு கூடும்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம்தான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. பங்குனி வெயிலில் மார்பைச் சுற்றிக் கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறாய். அக்குளோரம் சிவந்து தடித்திருந்ததைப் பார்த்து, வேர்க்குரு என்று நினைத்து மெடிக்கலில் ஒரு ஆயின்மென்ட் வாங்கித் தந்தேன். நாலு நாள் அரிப்பு அடங்கியது, அப்புறம் ரெண்டு பங்காகப் படர்ந்தது. வந்திருந்தது படர்தாமரை, ஆயின்மென்ட்டில் இருந்தது ஸ்டீராய்டு. அது அரிப்பை அமுக்கிவிட்டு, பூஞ்சையைப் பரவ விட்டுவிடும். துணி கட்டியது தெரிந்ததும் ஏன் என்று கேட்காமல் உன்னைத் திட்டினேன். அதற்குப் பயந்து இன்னும் 6 மாசம் புண்ணோடு திரிந்தாய். அது என் தப்பு, சாமி.

இப்போது மார்பை அமுக்கிவைக்கப் போடுகிற பைண்டர் உடுப்பையும் 8 மணி நேரத்துக்கு மேல் போடாதே. தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடு. ரெண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துப் போடு, வேர்வை ஈரத்தோடு வேண்டாம். மூச்சு முட்டினாலோ விலா வலித்தாலோ உடனே கழற்று.

இன்னொன்று. பரு முற்றினால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதுவார்கள். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையை அது கடுமையாகப் பாதிக்கும். மாதவிடாய் நின்றிருந்தாலும் ஊசி கருத்தடை ஆகாது. உன் பெயரைப் பார்த்து டாக்டர் கேட்காமலே விடலாம். கர்ப்பப்பை இருப்பதையும் ஊசி போடுவதையும் நீயே சொல்லிவிடு. அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே.

வாய் தவறிப் பழையபடி பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அம்முணி என்று கூப்பிட்டால் திருத்து, கோபித்துக்கொள்ள மாட்டேன். தீபாவளிக்கு வரும்போது டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா