அடைமொழியும் கலவை வாக்கியமும் ஒரே பாடம்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்ப் பாடநூலும் பயிற்சி ஏடும் எழுதுவோருக்கு, வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிகளை ஓர் இடத்திலும், வாக்கியங்களை இணைத்துக் கலவை வாக்கியம் ஆக்குவதை வேறோர் இடத்திலும் வைத்துச் சொல்லித்தரும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழில் இரண்டையும் ஒரே பாடமாக நடத்த முடியும்.

‘பெரிய பூனை’ என்பதில் ‘பெரிய’ எங்கே நிற்கிறது? ‘சிறுமி வளர்த்த பூனை’ என்பதில் ‘சிறுமி வளர்த்த’ நிற்பதும் அதே இடத்தில்தான். பெயரைக் கொண்டு முடியும் எச்சம் பெயரெச்சம். பண்பைச் சொல்லும் ‘பெரிய’ குறிப்புப் பெயரெச்சம், செயலையும் காலத்தையும் காட்டும் ‘வளர்த்த’ தெரிநிலைப் பெயரெச்சம் என்று நம் இலக்கணமும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. ‘பெரிய பூனை’ என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘சிறுமி வளர்த்த பெரிய பூனை’ அடுத்த எட்டுதான். பல பயிற்சி ஏடுகள் அதை எடுத்துவைக்காமல் விட்டுவிட்டு, மேல் வகுப்பில் திடீரென்று ‘கலவை வாக்கியம் என்றால் என்ன?’ என்று வரையறை கேட்கின்றன. வரையறையை ஒப்பிக்கிற பிள்ளை, கட்டுரையில் ‘அப்புறம், அப்புறம்’ என்றே எழுதிக்கொண்டு போகிறது.

அடைமொழிகளின் வரிசைக்கு வருகிறேன். ஆங்கிலப் பாடத்தில் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்பொருள் என்று ஒரு பட்டியல் சொல்லித்தருவார்கள். தயவுசெய்து அதைத் தமிழ்ப் பயிற்சிக்குள் இறக்காதீர்கள். ‘பெரிய பழைய பெட்டி’யும் சரி, ‘பழைய பெரிய பெட்டி’யும் சரி. ஆனால் ‘பழைய மரப்பெட்டி’யை ‘மரப் பழைய பெட்டி’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. மரமும் பெட்டியும் ஒரே சொல்லாகிவிட்டன. நடுவே எதுவும் நுழையாது. ‘கறுப்புப் பூனை’யும் அப்படித்தான். ‘கறுப்பான’ என்று மாற்றினால் பிடி தளர்ந்து, ‘கறுப்பான பெரிய பூனை’ என்று சொல்ல முடிகிறது. ‘அந்த மூன்று பெரிய கறுப்புப் பூனைகள்’ என்ற வரிசை பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஒரு அட்டவணை எதற்கு?

வரிசை பொருளையே மாற்றிவிடுகிற இடங்களில்தான் பிள்ளை உண்மையில் தடுமாறும். ‘புதிய மாணவர்களின் அறை’ என்றால் புதியது மாணவர்களா, அறையா? அறைதான் என்றால் ‘மாணவர்களின் புதிய அறை’ என்று எழுதினால் தீர்ந்தது. ‘பெரிய சிறுமி வளர்த்த பூனை’ என்றால் பெரியவள் சிறுமி. பெரியது பூனை என்றால் ‘சிறுமி வளர்த்த பெரிய பூனை’. நீளமான அடை முன்னால், ஒற்றைச் சொல் அடை பெயருக்குப் பக்கத்தில் என்பது முதலில் சொல்லித்தரப் போதுமான வழி. அதோடு ‘ஐ’ போன்ற வேற்றுமை உருபையும் கவனிக்க வையுங்கள். ‘பூனை துரத்திய எலி’, ‘பூனையைத் துரத்திய எலி’ இரண்டையும் கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். ஒரே ஒரு ‘ஐ’ வந்ததும் ஓடுவது பூனையாகிவிடும். பெயரெச்சத்தை இதைவிடச் சிரிப்போடு சொல்லித்தர எனக்கு வழி தெரியவில்லை.

வினையைக் கொண்டு முடியும் வினையெச்சத்துக்கும் இதே கவனம் வேண்டும். ‘மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள்.’ இவற்றை இணைக்கச் சொன்னால் ‘மணி அடித்து பிள்ளைகள் ஓடினார்கள்’ என்று எழுத வாய்ப்பு உண்டு. படிப்பவருக்கோ பிள்ளைகளே மணியை அடித்துவிட்டு ஓடியதாகத் தோன்றும். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் (‘அடித்து’ போன்றது) தன் வினைமுதலையே, அதாவது அந்தச் செயலைச் செய்தவரையே, கொண்டு முடியும் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்வது இதைத்தான். ‘மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோமே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான், இலக்கணக்காரர்கள் அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அது பெரிய வகுப்பில் வரட்டும். சின்னப் பிள்ளைக்கு ‘அடித்தவர் யார், ஓடியவர் யார்?’ என்ற கேள்வி போதும். இருவரும் வேறு என்றால் ‘அடித்ததும்’, ‘அடிக்க’, ‘அடித்ததால்’ என்று எதையாவது தேட வேண்டும்.

ஆனால் ‘இணைத்து எழுதுக’ என்ற பயிற்சியில் பெரும்பாலும் கிடைப்பவை ஆனால், எனவே, ஆகையால் போன்ற சொற்கள்தான். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில் இணைப்பு வேலையில் பெரும்பங்கைச் செய்வது வினையின் ஈறு. அடித்ததும் ஓடினார்கள், அடித்ததால் ஓடினார்கள், அடித்தும் ஓடவில்லை, அடித்தால் ஓடுவார்கள்: முதலாவது நேரம், அடுத்தது காரணம், பிறகு எதிர்பார்ப்புக்கு மாறானது, கடைசியாக நிபந்தனை. ஒரே வினையை வைத்துப் பிள்ளை இத்தனை உறவுகளைக் காட்ட முடியும்.

எல்லாவற்றையும் ஒட்டிவிடச் சொல்லவில்லை. நாலு எச்சங்களை அடுக்கி மூச்சு வாங்க வைக்கும் வாக்கியத்தைவிட இரண்டு குட்டி வாக்கியங்கள் மேல். எங்கே ஒட்டுவது, எங்கே நிறுத்துவது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் இத்தனை பயிற்சியும்.

அடுத்த பதிப்பில் வரையறைக் கேள்வியை எடுத்துவிட்டு, இரண்டு தனி வாக்கியங்களைக் கொடுங்கள். மூன்று விதமாக இணைக்கச் சொல்லி, பொருள் எங்கே மாறியது என்று ஒரு வரி கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்த ஒரு வரிக்கு வையுங்கள்.