மிஷின் வாங்கும் முன்னால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேனியில் சொந்தமாகத் தச்சுப் பட்டறை போடப்போகிறாய் என்று படித்ததும் உன் தங்கச்சி அப்போதே மீனாட்சிக்கு வேண்டிக்கொண்டாள். பழைய கட்டிங் மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

போன மாசம் நான் வேலை பார்க்கிற பட்டறையில் ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், 22 வயசு. தேக்கு ரீப்பர் அறுத்துக்கொண்டிருந்தான். கடைசி அரையடியில் ஒரு கணு. கட்டை பிளேடைக் கவ்வி, படீரென்று அவன் பக்கமே எகிறியது. கட்டை இருந்த இடத்தில் கை விழுந்துவிட்டது. சத்தம்கூட மாறவில்லை மாப்ள. மரம் அறுபடுகிற அதே சத்தம்தான்.

எல்லோரும் "அசந்துட்டான்" என்றார்கள். அந்தச் சொல்தான் எனக்கு ஆறவில்லை. பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. கையை இழுக்க நினைக்கிற கால் நொடிக்குள் பன்னிரண்டு சுற்று போய்விடும். அசராத மனுஷன் யார்? அதற்காகத்தானே பிளேடு மேல் மூடியும், அறுத்த மரம் மறுபடி கவ்வாமல் பிரித்துப் பிடிக்கப் பின்னால் ஒரு தகடும் வைத்திருக்கிறார்கள்? இரண்டையும் கழற்றிச் சுவரில் மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. மூடி அளவை மறைக்கிறதாம், வேலை ஓடவில்லையாம். மிஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே 21ஆம் பிரிவில் எழுதிவைத்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு மூடி இல்லாமல் அறுக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அது ராத்திரி தூங்கவிடவில்லை.

அன்றைக்கு இன்னொரு தப்பும் நடந்தது. விழுந்த விரலை எடுத்து ஜூஸ் கடை ஐஸுக்குள் அப்படியே புதைத்துக் கொண்டுபோனோம். ஐஸ் நேராகப் பட்டால் சதை செத்துப்போகுமாம். ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ இதை உன் பட்டறைச் சுவரிலேயே எழுதி வை.

அப்புறம் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்துப் பேருக்கு மேல் இருந்தும் இவன் பெயரைப் பதியவே இல்லை. வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. சம்பாதிக்கிற சக்தியில் எவ்வளவு போச்சு என்று சட்டத்தில் விரலுக்கு விரல் சதவீதம் போட்டிருக்கிறார்கள். கட்டை விரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, சுண்டு விரலுக்கு 7. ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20. உளி பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அது எப்படி இருபதாகும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். உன் தங்கச்சி சாம்பார் ஊற்றினாள். மிச்சமிருக்கிற மூன்று விரலால் பிசைந்து பார்த்தான், பருக்கை எல்லாம் இலைக்கு வெளியே சிந்தியது. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஸ்பூன் எடுத்துவந்தாள். அவன் அதைத் தொடவில்லை. அரை மணி நேரம் ஆனாலும் கையாலேயே சாப்பிட்டு முடித்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த மிஷினை இப்போதைக்கு வாங்காதே. மூடியும் பின் தகடும் இருக்கிறதா, நிறுத்துகிற சுவிட்ச் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று முதலில் கேள். மூடி தொலைந்துபோச்சு என்பார்கள், நம்பி முன்பணம் கொடுத்துவிடாதே. கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் ஒரு கட்டையை வைத்துத் தள்ளப் பழக்கு. பிளேடு பக்கம் யாரையும் கையுறை போடவிடாதே, நூல் மாட்டினால் கையையே இழுத்துவிடும்.

மிஷின் பார்க்கப் போகிற நாளைச் சொல்லி ஒரு போன் போடு. ஆரப்பாளையத்தில் முதல் பஸ் பிடித்து நானும் வந்துவிடுகிறேன்.

உன் மச்சான்