மலருக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு எதற்கு?

தாம்பரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வந்திருந்ததால் பதில் தள்ளிப்போயிற்று. நீ சொன்ன எண்ணெயை முழங்காலில் தடவிப் பார்த்தேன். வலி அப்படியே இருக்கிறது, வேட்டிதான் பாழ்.

மலர் பொது அறுவையில் எம்.எஸ். முடித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு, புற்றுநோய் அறுவைக்கு மேலே படிக்கப் போகிறாள் என்று ஒரு பக்கம் புலம்பியிருக்கிறாய். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். 3, இனி இந்தப் புற்றுநோய் அறுவைக்கான எம்.சிஎச். 3. பெற்றவனுக்குத் தலை சுற்றத்தான் செய்யும். "கத்தி பிடிக்கத் தெரிந்தவளுக்குக் கட்டியை வெட்டத் தனிப் படிப்பா?" என்கிறாய். அங்கேதான் சறுக்குகிறாய்.

நான் முப்பது வருடம் நோயியல் ஆய்வகத்தில் உட்கார்ந்தவன். அறுவை அரங்குக்குள் போனதில்லை. அங்கிருந்து வரும் சதைத்துண்டை வைத்தே அறுத்தவரின் கையை எடைபோடுவேன். சிலர் அனுப்புவது பிய்த்தெடுத்த மாதிரி நாலைந்து துண்டாக வரும். புற்றுநோய் அறுவையில் பயின்றவர் அனுப்பும் மார்புக் கட்டியோ, சுற்றிலும் நல்ல சதையோடு முழுசாக வரும். அதில் இரண்டு பட்டு நூல் தைத்திருக்கும். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். அதை வைத்துத் திசை பார்த்து, ஓரமெல்லாம் மை பூசி அறுப்போம். மை பட்ட இடத்திலேயே புற்றுநோய் செல் தெரிந்தால், மிச்சம் உடம்பில் இருக்கக்கூடும் என்று பொருள்.

ஃப்ரோசன், அதாவது அறுவை நடக்கும்போதே செய்யும் அவசரப் பரிசோதனை, வரும் நாட்களில் எங்களுக்குக் கை நடுங்கும். வாய்ப் புற்றுநோய்க்காரர் அங்கே மயக்கத்தில் கிடப்பார், கன்னம் திறந்திருக்கும். இங்கே துண்டை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, சுமார் 20 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். "உள் ஓரத்தில் இன்னும் இருக்கிறது" என்று எங்கள் டாக்டர் போனில் சொல்வார். கொஞ்ச நேரத்தில் விரல்நகம் அகலத்துக்கு இன்னொரு துண்டு வரும். அதிகம் வெட்டினால் அந்த மனிதனுக்குப் பேச்சும் சாப்பாடும் போகும், குறைத்து வெட்டினால் நோய் திரும்பும்.

ஒரு பையனின் தொடைக் கட்டியை வேறு ஊரில் கொழுப்புக் கட்டி என்று எடுத்துவிட்டு, பரிசோதனைக்கே அனுப்பவில்லை. மறுபடி வளர்ந்த பிறகு எங்களிடம் வந்தான். பழைய தழும்போடு சேர்த்து அகலமாக வெட்ட வேண்டியதாயிற்று. எடுத்தவரும் எம்.எஸ்.தான்.

உன் அத்தையை நினைத்துப் பார். மார்போடு அடித் தசையையும் எடுத்துவிட்டார்கள். கை வீங்கி, ரவிக்கைக்குள் நுழையாமல் எத்தனை வருடம் அவதிப்பட்டார்! ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை அது. 1971-ல் பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்க அறுவை மருத்துவரின் குழு தொடங்கிய ஆய்வு, அவ்வளவு வெட்டியதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. எவ்வளவை விட்டுவைக்கலாம் என்பதையும் மலர் படிக்க வேண்டியிருக்கிறது, பார்த்தாயா? டியூமர் போர்டு என்னும் மருத்துவர்கள் கூட்டத்தில் மருந்து டாக்டர், கதிர்வீச்சு டாக்டரோடு உட்கார்ந்து, முதலில் மருந்தா கத்தியா, கத்தியே வேண்டாமா என்று வாதாடவும் வேண்டும். சில அறுவைக்காரர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இந்தப் படிப்பை நாட்டிலேயே முதலில் 1984-ல் தொடங்கியது நம் அடையாறு புற்றுநோய் நிலையம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கையோடு ஆரம்பித்த இடம். அங்கே இடம் கிடைத்தால் தாம்பரத்திலிருந்து ஒரு பஸ்தான். எங்கள் மாடியறை காலியாகத்தான் இருக்கிறது, வாடகைப் பேச்சை எடுக்காதே.

கல்யாணப் பேச்சை அவளிடமே விட்டுவிடு. கவுன்சிலிங் தேதி தெரிந்ததும் எழுது. வரும்போது அவள் கையில் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்தனுப்பு.

உன்,
ராமலிங்கம்