ஒடிசியைத் தமிழில் சொல்லும் கதைசொல்லிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

யூடியூபிலும் பாட்காஸ்டிலும் கிரேக்கப் புராணம் சொல்லும் உங்களிடம் ஒரு கோரிக்கை. ட்ராய் போர் முடிந்து ஒடிசியஸ் என்ற கிரேக்க வீரன் கடல்வழியே வீடு திரும்பும் காவியம்தானே ஒடிசி? ஒற்றைக்கண் அரக்கன் வந்தால் ரசித்து ரசித்துச் சொல்கிறீர்கள். சர்சியின் தீவு வந்ததும், "ஒரு சூனியக்காரி இருந்தாள், வீரர்களைப் பன்றியாக்கினாள், ஒடிசியஸ் அவளை அடக்கினான்" என்று ஓடிவிடுகிறீர்கள். தயவுசெய்து அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

ஒடிசியைப் பாடிய ஹோமரே நின்றிருக்கிறார். ஒடிசியின் பத்தாம் காண்டத்தில் அவள் சூரியக் கடவுள் ஹீலியோஸின் மகள். மனிதக் குரலில் பேசும் தெய்வம். காட்டுக்கு நடுவே வீடு. வாசலில் ஓநாய்களும் சிங்கங்களும் வாலாட்டுகின்றன. உள்ளே பாடிக்கொண்டே தறியில் நெய்கிறாள். பாலாடைக்கட்டி, பார்லி மாவு, தேன், மது எல்லாம் கலந்து, மருந்தையும் சேர்த்து வந்தவர்களுக்குக் கொடுக்கிறாள். குடித்ததும் கோலால் ஒரு தட்டு. உடம்பு பன்றியாகிறது, புத்தி மட்டும் மனித புத்தியாகவே இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தாள் என்று ஹோமர் சொல்வதில்லை.

அந்த ஏனைப் பிடித்துக்கொண்டு மேடலின் மில்லர் 2018இல் எழுதிய நாவல்தான் 'சர்சி'. பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர் அவர். நாவல் முழுக்க சர்சியே பேசுகிறாள். அப்பாவின் அரண்மனையில் அவள் குரலைக் கேட்டாலே கேலி. மூலிகைகளால் உருவத்தை மாற்றும் சக்தி அவளுக்கு இருப்பது தெரிந்ததும் கேலி பயமாகிறது. தீவில் தனியே தள்ளிவிடுகிறார்கள். அங்கே கரையொதுங்கும் மாலுமிகளுக்குப் பசியாற்றுகிறாள். வீட்டில் ஆண் துணை இல்லை என்று தெரிந்ததும் அவர்களின் தலைவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அப்புறம்தான் பன்றிகள். இந்த இடத்தை மழுப்பாமல் சொல்லுங்கள்.

அதற்காக அவளைக் குறையே இல்லாதவளாக ஆக்கிவிடவும் வேண்டாம். காதலன் கிளாக்கஸ் ஸ்கில்லா என்ற அழகியை விரும்பினான் என்ற பொறாமையில், அவளை ஆறு தலைப் பூதமாக்கியது சர்சிதான். ரோமானியக் கவிஞர் ஓவிடின் கவிதையிலும் அந்த விஷம் இவள் கலந்ததே. நாவலில் அவளால் இதை மறக்கவே முடிவதில்லை. ஸ்கில்லா விழுங்கும் ஒவ்வொரு மாலுமியும் தன் கணக்கில்தான் சேருகிறான் என்று அவளுக்குத் தெரியும். இந்த நாவல் எனக்கு இவ்வளவு பிடித்ததற்கு இதுதான் காரணம்.

ஒடிசியஸ் அவளை அடக்கினான் என்பதும் பாதிக் கதை. வாளை உருவியது உண்மை. ஆனால் ஹோமரிலேயே அவன் ஒரு வருடம் அங்கே தங்கிவிடுகிறான். ஊருக்குப் போக வேண்டும் என்று கூட வந்தவர்கள்தான் நினைவூட்டுகிறார்கள். இறந்தோர் உலகுக்கு வழி, பாடி மயக்கி மாலுமிகளை அழிக்கும் சைரன்களின் பாட்டுக்குத் தப்பக் காதில் மெழுகு, கப்பலையே விழுங்கும் கடல்சுழியை விட்டு ஸ்கில்லா பக்கம் ஒட்டிப் போகச் சொன்ன யோசனை எல்லாம் சர்சி கொடுத்தவை. அவள் இல்லாமல் அவன் எப்படி வீடு சேர்ந்திருப்பான்?

அவர்களுக்கு டெலிகோனஸ் என்று ஒரு மகன். அவன் தெரியாமல் அப்பாவைக் கொன்றுவிடும் கதையைச் சொன்ன பழைய காவியம் அழிந்துபோய், சுருக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மில்லர் அதையும் எடுத்து, ஒரு தாய் பிள்ளையைக் காக்கப் படும் பாடாக எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை ஒடிசி சொல்லும்போது சர்சிக்கென்று ஒரு முழுப் பகுதி ஒதுக்குங்கள். நாவலையும் சேர்த்துச் சொல்வதானால், ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி அந்தத் தீவில் வந்து இறங்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள். முடிவைக் கேட்பவர்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் கதைகளைத் தவறாமல் கேட்கும் ஒரு வாசகி