வரம்பில் நடக்காதவர் வயலின் விலையைக் கற்பிக்கலாமா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காணி, கட்டட விலைமதிப்பு வகுப்புகளை நடத்துவோருக்கு,

வணக்கம். வங்கிக் கடனுக்காகவும் பாகப்பிரிவினை வழக்குகளுக்காகவும் இந்த இரு மாவட்டங்களின் காணிகளை 23 வருடங்களாக மதித்து அறிக்கை எழுதி வருகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வகுப்பில் கற்பிப்பவரை எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறீர்கள்?

சென்ற வருடம் குறுங்கால வகுப்பொன்றை முடித்த இளைஞர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். கெட்டிக்காரர். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வட்டையில் இரண்டு ஏக்கர் வயலைக் காட்டி, மதித்து எழுதச் சொன்னேன். வீதியோரம் விலைக்கு விட்டிருந்த ஒரு குடியிருப்பு வளவின் பேர்ச் விலையை எடுத்து, இரண்டு ஏக்கருக்கு 320 பேர்ச் என்று பெருக்கிக் கொண்டுவந்தார். காணி சொந்த உறுதியுள்ள உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியா என்று கேட்டேன். “அதையும் பார்க்க வேண்டுமா ஐயா?” என்றார். அவரில் பிழையில்லை. அவருக்குக் கற்பித்தவர் கணக்கியல் பட்டதாரி என்றும், ஒரு விலைமதிப்பு அறிக்கையில்கூடக் கையொப்பமிட்டதில்லை என்றும் பிறகுதான் அறிந்தேன். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கடன் வாங்கியாவது கட்டணத்தைக் கட்டிவிட்டு வருகிற பிள்ளைகள் அல்லவா இவர்கள்?

அந்த ஒரு பெருக்கலுக்குள் எத்தனை தவறுகள் இருக்கின்றன என்று பாருங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. அதற்கு உறுதிக் காணியின் விலையைப் போடுவது, இல்லாத சந்தையில் இல்லாத விலையைப் போடுவதாகும். வயலைக் குடியிருப்பு வளவாக எண்ணுவது அடுத்த தவறு. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதி பெறாமல் வயலில் மண் போட்டு நிரப்ப முடியாது. பிறகு தண்ணீர். நவகிரிக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்கும் வந்து சேர்கிற வயலும், மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும் செய்கிற மானாவாரி வயலும் ஏக்கர் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், விலையில் ஒன்றாகாது. ஒரே வாய்க்காலிலேகூடத் தலைப்பில் உள்ள வயலுக்கும் கடைசியில் உள்ள வயலுக்கும் வித்தியாசம் உண்டு. கல்லோயாத் திட்டத்து வயல்களை மதித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீடுகளிலும் இதே சிக்கல்தான். ஒப்பீட்டு முறையைக் கற்பிக்கும்போது, பக்கத்தில் விற்ற மூன்று வீடுகளை எடுத்து ஒப்பிடுங்கள் என்பார்கள். நம் ஊர்களில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது. நன்கொடை உறுதியில் இருக்கும் தொகை சந்தை விலை அல்ல. விற்ற வீடே இல்லாத ஒழுங்கையில் என்ன செய்வது என்பதைத்தான் கற்பிப்பவர் சொல்லித்தர வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கட்டடம் கட்டக்கூடாத 200 மீற்றர் தடை வலயம் அறிவித்தார்கள், பிறகு அதைத் தளர்த்தினார்கள். கல்லடியிலும் கல்முனையிலும் அந்தக் காலத்தில் நடந்த விற்பனைகளை எடுத்து ஒப்பிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். இதெல்லாம் கொழும்புப் பாடக்குறிப்பில் இருக்காது.

ஆகவே, பட்டம் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. 1975 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட விலைமதிப்பாளர் தொழில்சார் நிறுவகமும் நாட்டில் இருக்கிறது. கற்பிப்பவர் இவற்றில் ஒன்றின் வழியாக வந்தவராகவும், இன்றும் அறிக்கைகளில் கையொப்பமிடுகிறவராகவும் இருக்கட்டும். அதே நேரம், பல வருடம் வேலை செய்தவர் என்பதும் தனியே போதாது. கண்ணால் பார்த்து விலை சொல்லிவிட்டு, எப்படி என்று கேட்டால் விளக்க முடியாத மூத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பிள்ளைகள் தொகையை மட்டும்தான் கற்பார்கள். தமிழில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் விளக்கத் தெரியாதவரும் வேண்டாம். காணித் தரகு செய்கிறவர் அறவே வேண்டாம். விலை ஏறுவதில் அவருக்குப் பங்கு இருக்கிறது.

அமெரிக்காவில் விலைமதிப்புத் தொழில்நெறிக் கோவையை ‘யூஸ்பாப்’ என்பார்கள். அங்கே உரிமம் பெறப் படிப்பவர்களுக்கான 15 மணிநேர யூஸ்பாப் வகுப்பை எடுக்க, கற்பிப்பதற்கெனத் தனிச் சான்று பெற்ற போதனாசிரியர் ஒருவராவது வேண்டும். அவரிடம் செல்லுபடியாகும் விலைமதிப்பாளர் சான்றும் இருக்க வேண்டும். தொழிலும் தெரிய வேண்டும், கற்பிக்கவும் தெரிய வேண்டும், இரண்டுக்கும் அத்தாட்சி வேண்டும் என்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டம் நமக்கு வேண்டியதில்லை. அந்தக் கண்டிப்பு வேண்டும்.

கட்டணம் வாங்குவதற்கு முன், கற்பிப்பவரின் தகுதியையும் எத்தனை வருடம் களத்தில் நின்றவர் என்பதையும் எழுதி வெளியிடுங்கள். உரிமையாளரின் பெயரை மறைத்து, கற்பிப்பவர் எழுதிய அறிக்கைகளில் வயலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒரு பாடத்தை உங்கள் முன்னிலையில் நடத்தச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்பு தொடங்கும் முன் உங்கள் விரிவுரையாளர்களை ஒரு சனிக்கிழமை என்னோடு அனுப்புங்கள். வெல்லாவெளியில் இரண்டு வயல், கல்லடியில் ஒரு வளவு, கல்முனையில் ஒரு கடை. காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் பொழுது படுவதற்குள் பார்த்துவிடலாம். உரிமையாளர்களிடம் நான் அனுமதி வாங்கி வைக்கிறேன். எனக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு விலைமதிப்பாளர்