பழைய கார் வாங்கும் முன் அடியில் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருடம்தான். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று) வாங்க வேண்டும், அப்புறம்தான் 5 வருடம் நீட்டித்துத் தருவார்கள். இது தெரிந்து 14-ஆவது வருடத்திலேயே பளபளவென்று பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மாட்டிக்கொள்வது வாங்கியவர்.

நம் கரையோரத்தில் இது இன்னும் மோசம். பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கிற உப்புக்காற்று கார் தகரத்தை விடுமா? துரு மேலே தெரியாது, கீழிருந்துதான் தின்னும். அதனால் மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், பிரேக் பைப் எல்லாம் பாருங்கள். அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தால் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் டிக்கியில் ஸ்டெப்னி குழியைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், ஐஸ் தண்ணீர் தேங்குகிற இடம் அது. சேசிஸ் நம்பர் துருவேறிப் படிக்க முடியாமல் போயிருந்தால் எஃப்.சி.யில் அதுவே பெரிய தலைவலி.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் 'வெளிநாட்டில் இருக்கிறவர் வண்டி, ஓடவே இல்லை' என்று சொல்லி விற்பார்கள். சும்மா நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும், டயர் தேயாமலே ரப்பர் வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும், 2218 என்றால் 2018-ஆம் வருடம் 22-ஆவது வாரம் தயாரித்தது. டயர் பட்டன் (தரையில் படும் பக்கத்து வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனாலும் எஃப்.சி.யில் தேறாது.

ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், சீட் பெல்ட் எல்லாம் சின்னச் செலவு. ஸ்டீயரிங் ஆட்டமும் சைலன்சர் ஓட்டையும் அப்படியில்லை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்றாத கேஸ் கிட், மாற்றிய கலர், முடிக்காத லோன் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பட்டறையில் வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். எஃப்.சி.க்கு என்னென்ன பார்ப்போம் என்று ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலேயே தமிழில் பெரிதாக எழுதி வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு ரொம்ப உதவியாக இருக்கும், அதிகாரிகள் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்